கூசே வரும் வாசல்

"அண்ணே! சஃபரண்ணே! இந்த வருஷம் கூசே என் வாசலுக்கு வருமா வராதா? ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க!"

சனோபர் அவள் வீட்டுக் கூரையில் நின்று கத்தினாள். நான் என் வீட்டுக் கூரையில். நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். ராத்திரி பூராக் கொட்டின பனியை விடிந்ததும் ஊரே கூரையேறித் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாம் மண்கூரை. தள்ளாமல் விட்டால் மத்தியானத்துக்குள் உத்திரம் முனக ஆரம்பித்துவிடும். தள்ளின பனி சந்தில் விழுந்து விழுந்து சுவர் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. மனசு வைத்தால் இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்கு நடந்தே போய்விடலாம்.

"காத்துல ஒண்ணும் கேக்கல புள்ள!" என்றேன். நன்றாகவே கேட்டது. பதில்தான் என்னிடம் இல்லை.

"கேக்காத மாதிரி நடிக்காதீங்க. வருஷா வருஷம் மணப்பெண் வேஷம் கட்டுற ஆளுக்கு நடிக்கச் சொல்லியா தரணும்?"

சொல்லிவிட்டுத் தள்ளுபலகையை எடுத்து மறுபடியும் பனியைச் சரக் சரக்கென்று தள்ள ஆரம்பித்தாள். ஆம்பிளைகள் இரண்டு பேர் செய்கிற வேலை. நின்று மூச்சு வாங்கினால்தானே? புருஷன் போன அந்த ஒரு வருஷமாக அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் நிலைப்படியில் சாய்ந்து நின்றுதான் பேசுவாள், பாதிப் பேச்சில் கிளம்பிவிடுவாள்.

நான் ஊருக்கு முடி வெட்டுகிறவன். வருஷத்தில் ஒரு நாள் மட்டும், கூசே ஆட்டம் கிளம்புகிற நாளில், மணப்பெண். மீசையை எடுக்க மாட்டேன், அதில் யாரும் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. முக்காட்டை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டால் போதும். என்னைவிட லட்சணமான மணப்பெண் இந்தப் பக்கத்து ஏழு ஊரில் கிடையாது என்று நானே சொல்லுவேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

குளிர்காலத்தை நாங்கள் நாள் கணக்கில் இரண்டு நாற்பதாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பெரிய நாற்பது அண்ணன், சின்ன நாற்பது தம்பி. பேருக்குத்தான் நாற்பது, தம்பிக்காரன் பாதியிலேயே ஓடிவிடுவான். அந்த ஆத்திரத்தில், "உன்னளவுக்கு எனக்கு நாள் இருந்தா தொட்டில் பிள்ளையையும் விறைக்க வெச்சிருப்பேன்" என்று அண்ணனிடம் சவடால் விடுவானாம். அண்ணன் கிளம்பாமல் தம்பி வந்து நிற்கிற அந்தச் சில நாள் இருக்கிறதே, அப்போது அடிக்கிற காற்றில் மனுஷன் ஒரு இடத்தில் இருக்க மாட்டான். நாய் காரணமில்லாமல் குரைக்கும். புருஷன் பெண்டாட்டி உப்புக் கல்லுக்குச் சண்டை போடுவார்கள். செம்மறி வயிற்றில் குட்டி முதல் முதலாக அசைகிறதும் அப்போதுதான். கூசே புறப்படுகிறதும் அப்போதுதான்.

கூசே என்றால் தாடி முளைக்காதவன். அந்த வேஷம் ஊர் மேய்ப்பன் முராத்துக்கு. உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிய ஆட்டுத்தோல், இரண்டு கொம்பு, இடுப்பில் மணி, மூஞ்சி பூரா மாவு. அவன் முன்னால் ஆடிக்கொண்டு போவான், அவன் மணப்பெண் நான் பின்னால் இடுப்பை ஒடித்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு வீட்டிலும் கொட்டிலுக்குள் புகுந்து தரையில் கோலால் தட்டுவான். ஆடு நல்லபடியாக ஈன வேண்டும் என்பதற்கு அது. அப்புறம் முற்றத்துக்கு வந்து தடால் என்று செத்து விழுவான். நான் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பேன். வீட்டுக்காரி மாவோ நெய்யோ உலர்ந்த திராட்சையோ கொடுத்தால்தான் செத்தவன் எழுந்திருப்பான். கொடுக்கிற வரைக்கும் கிடப்பான். கஞ்சப் பிசினாறி வீட்டு முற்றத்தில் நெடுநேரம் கிடந்து சளி பிடித்த கதையெல்லாம் உண்டு.

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கூசே போகாது. துக்க வீட்டுக்கு.

சங்கடம் அங்கேதான். சனோபர் வீடு துக்க வீடா இல்லையா என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

போன வருஷம் இதே காற்று அடித்த நாளில் அவள் புருஷன் எய்வஸ், தெற்கே ஆபாதானில் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளம்பிவிட்டான். கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பேருந்து சாலை. ஏறினதை இரண்டு பேர் பார்த்தார்கள். இறங்கினதை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் பனிப்புயல் வந்தது. பனி உருகினதும் ஓடையில் ஒரு ரப்பர் செருப்பு வந்தது. ஊரில் எல்லார் காலிலும் ஒரே வியாபாரி விற்ற ஒரே செருப்புதானே, அது எய்வஸ் செருப்பு என்று எப்படிச் சொல்லுவது? கோடையில் ஒரு லாரிக்காரன், ஆபாதான் கடைத்தெருவில் எய்வஸ் மாதிரி ஒருத்தனைப் பார்த்தேன் என்றான். மாதிரி என்ன மாதிரி! எய்வஸ் மாதிரி ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்.

ஆனால் ஊரில் பாதிப்பேர் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பினதற்குக் காரணம் ஒன்று இருந்தது. அவன் கம்பளிக் குப்பாயம். ஆட்டுமயிரை நனைத்து அடித்து அடித்து, பலகை கனத்துக்கு இறுக்கின குப்பாயம். எங்கள் மேய்ப்பர்கள் அதைப் போர்த்திக்கொண்டு பனிக்குள்ளேயே படுத்துத் தூங்கி எழுந்து வருவார்கள். "குப்பாயம் போட்டுக்கிட்டுத்தான் போனாரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சனோபர் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். குப்பாயம் போட்டவன் அந்தப் புயலைத் தாக்குப் பிடித்திருப்பான் என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டோம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அவள் புருஷனைப் பற்றிப் பேசும்போது "அவருக்குப் புளிப்புப் பிடிக்கும்", "அவரு காலையில டீயில சர்க்கரை போட மாட்டாரு" என்றுதான் பேசுவாள். அவன் தம்பி யதுல்லா "அண்ணனுக்குப் புளிப்புப் பிடிச்சிருந்தது" என்பான். ஒரே ஆள், இவள் வாயில் இருந்துகொண்டிருந்தான், அவன் வாயில் போய்விட்டான்.

யதுல்லா அன்றைக்கு மத்தியானம் என் கடைக்கு வந்தான். முராத் ஏற்கெனவே அடுப்போரம் குந்திக்கொண்டு கொம்புகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தான். ஊர் ஆட்டில் முக்கால்வாசி யதுல்லாவுடையது, ஆகவே முராத் எழுந்து இடம் விட்டான்.

"உக்காருடா, உக்காரு" என்று யதுல்லா நாற்காலியில் சாய்ந்தான். "சஃபரண்ணே, தாடியை ஒட்ட எடுக்காதீங்க, குளிருது."

சோப்பு நுரை போட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

"நாளைக்குக் கூசே கிளம்புதாமே?"

"கிளம்பணும்ல. ஆடு அசைய ஆரம்பிச்சாச்சு."

"அண்ணன் வீட்டுக்குப் போகாதீங்க."

நான் கத்தியைத் தீட்டினேன். முராத் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தான்.

"என்ன ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா? அது துக்க வீடு. மணி கட்டிக்கிட்டு அங்க போயி ஆடினா ஊர் காறித் துப்பும்."

"துக்க வீடுன்னு யாருண்ணே சொன்னது?" என்றான் முராத், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் சொல்றேன். கூடப் பொறந்தவன் சொல்றேன், போதாதா?" யதுல்லா கண்ணைத் திறந்தான். "அண்ணன் செத்துப் போயி ஒரு வருஷம் ஆச்சு. செத்தவருக்குன்னு ஒரு அல்வா கிண்டல. ஒரு ஃபாத்திஹா ஓதல. ஒரு கறுப்புச் சட்டை போடல. எதுக்கு? மதினி விட மாட்டேங்குது. நான் ஆபாதானுக்கு மூணு தடவை போனேன் சஃபரண்ணே, உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலு! கம்பெனி வாசல்ல நின்னு, வெளிய வர்ற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டு நிப்பேன். ஒருத்தன் என்னைத் திருடன்னு நெனச்சு அடிக்க வந்துட்டான். ராத்திரி படுத்தா இன்னும் மூஞ்சி மூஞ்சியா வருது."

தலையை உதறினான். நான் கத்தியை எடுத்துவிட்டேன், அசைந்தால் வெட்டிவிடுமே.

"ஆடு வேற இருக்கு" என்றான் கொஞ்சம் கழித்து, குரல் மாறி. "பொம்பளை ஒத்தையில எத்தனை ஆட்டைக் காப்பாத்தும்? என் கொட்டில்ல சேர்த்துட்டா மதினிக்கும் நிம்மதி."

இதோ வந்துவிட்டான் பார் விஷயத்துக்கு என்று நினைத்தேன். ஆனால் முதலில் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தது.

அவன் போனதும் முராத்தைக் கேட்டேன். "என்னடா செய்யப்போற?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? அவரு ஆட்டை மேய்ச்சுத்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். சனோபரக்கா ஆட்டையும் நான்தான் மேய்க்கிறேன். ஒரு கொட்டிலை விட்டுட்டுப் போயி அங்க குட்டி செத்து விழுந்தா அந்தப் பாவம் யாரைச் சேரும்?" மணியை எடுத்து உலுக்கிப் பார்த்தான். "பேசாம காய்ச்சல்னு படுத்துரட்டுமா?"

"படு. நான் மட்டும் தனியாப் போயி ஒப்பாரி வைக்கிறேன், செத்தது யாருன்னு கேட்டா என் மீசைன்னு சொல்றேன். போடா!"

வீட்டில் என் பெண்டாட்டி தூபா கணப்பின்மேல் முக்காலி வைத்து ரஜாயை விரித்து, எல்லாருமாகக் காலை உள்ளே விட்டுக்கொள்ள வாகாக வைத்திருந்தாள். வேகவைத்த டர்னிப் கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. கடையில் நடந்ததைச் சொன்னேன்.

"ஆட்டையும் ஓட்டிட்டுப் போவான், விட்டா ஆட்டுக்காரியையும் ஓட்டிட்டுப் போவான்" என்றாள் தூபா. "அவன் பெண்டாட்டி இப்பவே தலைவிரி கோலமாத் திரியுறா. கூசே ஒரு வாசலைத் தாண்டிப் போச்சுன்னா போச்சு. மறுநாள் காலையில ஊரே கறுப்புத் துணியை எடுத்துக்கிட்டு வந்து நிக்கும். ஆமா, கேக்கணும்னு இருந்தேன். சனோபர் நேத்து வந்து வைக்கோல் கடன் கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். ஆனா அவ வைக்கோல் அறையில இன்னும் முழங்கால் அளவு கிடக்கு. நான் சன்னல் வழியாப் பார்த்தேன். இருக்கிறதை வெச்சுக்கிட்டு எதுக்குக் கடன் கேக்குறா?"

"பொம்பளைக் கணக்கு எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. உங்களுக்குப் பாவாடையை ஒழுங்காக் கட்டவும் தெரியாது. போன வருஷம் பின்பக்கம் பூரா வெளிய தெரிஞ்சுது."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. சனோபர். கையில் பெரிய கிண்ணம் நிறையப் புதுப்பனி, மேலே திராட்சைப் பாகு ஊற்றியிருந்தாள். கறுப்பாக ஒழுகி இறங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள வந்து காலை விட்டு உக்காரு புள்ள" என்றாள் தூபா.

"இல்ல மதினி. கொட்டில்ல ஒரு ஆடு படுக்கவே மாட்டேங்குது. நின்னுக்கிட்டே இருக்கு. சுத்திச் சுத்தி வருது." அவள் கை முக்காட்டு நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தது. "தம்பி கடைக்கு வந்தாராமே?"

ஊரில் ஒரு விஷயம் ஒரு வீட்டுக்குள் தங்குமா? சொல்லிவிட்டேன்.

"அல்வா கிண்டணுமாமா? உயிரோட இருக்கிற மனுஷனுக்கு அல்வாவா?" அவள் முகம் சிவந்தது. "அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்குறேன். நீங்க என் வாசலைத் தாண்டிப் போயிட்டா அவரை நீங்களே குழியில போட்டு மூடின மாதிரி. அவரு திரும்பி வந்து 'என் வீட்டுக்கு ஏன்டா கூசே வரல'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வரட்டும், வந்து செருப்பால அடிக்கட்டும், சந்தோஷமா வாங்கிக்கிறேன்" என்றேன். "சரி புள்ள. உனக்கு வைக்கோல் வேணும்னா நான் வந்து உன் அறையில இருக்கிறதை வாரிக் கொட்டில்ல போட்டுட்டு வர்றேன். கூரைப் பனியும் தள்ளி, ஆட்டையும் பார்த்து..."

"வேண்டாம்!" என்றாள். திடுக்கிட்டுவிட்டேன். அப்படி ஒரு வேகம். "அந்த அறைக்குள்ள யாரும் போக வேண்டாம். நான் பார்த்துக்கிறேன்." கதவைச் சாத்தாமலே போய்விட்டாள். காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்தது.

தூபா இருட்டில் சொன்னாள், "என்னமோ இருக்குங்க அந்த வைக்கோல்ல."

மறுநாள் கூசே புறப்பட்டது. வெயில் இருந்தது, சூடு இல்லை. தூபாவின் சிவப்புப் பாவாடை, என் அத்தை கல்யாணத்துக்குக் கட்டின முக்காடு, கன்னத்தில் பீட்ரூட் சாறு. முராத் காய்ச்சல் என்று படுக்கவில்லை, வந்துவிட்டான். கொம்பை ஆட்டிக்கொண்டு, மணி குலுங்க, பனியில் சறுக்கிச் சறுக்கி ஆடினான். பின்னால் ஊர் ஜனம் பாதி. வீட்டுக்கு வீடு செத்தான், வீட்டுக்கு வீடு எழுந்தான். பையில் மாவு ஏறியது, சட்டியில் நெய் ஏறியது, ஒரு வீட்டில் பாகு ஒரு குடுவை. பெண்கள் என் இடுப்பைக் கிள்ளிவிட்டு ஓடினார்கள்.

"மணப்பொண்ணே, உன் மீசைக்கு மை போட்டியா?"

"உன் புருஷனைக் கேளுடி, நேத்து அவன்தான் போட்டு விட்டான்!"

சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ஆனால் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சனோபர் வீடு நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. சந்து திரும்பினோம். வாசலில் யதுல்லா நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே முற்றத்தில் சனோபர், விளக்குமாற்றோடு. பனியைப் பெருக்கி ஒரு ஆள் விழுகிற இடம் சுத்தமாக வைத்திருந்தாள்.

முராத் வாசலில் நின்றான். மணி சத்தம் நின்றது. மாவு பூசின மூஞ்சியிலும் வியர்வை தெரிந்தது.

"போ முராத், அடுத்த வீட்டுக்குப் போ" என்றான் யதுல்லா, மெதுவாக.

முராத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அப்போது கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு ஆடு கத்தியது.

"அண்ணே, மனுஷன் இருக்கானா செத்தானான்னு எனக்குத் தெரியாது" என்றான் முராத். "ஆடு உயிரோட இருக்கு. நான் ஆட்டுக்கு வந்தவன்." சொல்லிவிட்டு, யதுல்லாவின் தோளில் கொம்பு இடிக்க, அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

நானும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜனம் மொத்தமும் பின்னால் புகுந்தது. கொட்டிலில் தட்டினான், டொப் டொப் என்று, நாலு மூலையும். ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. வெளியே வந்தான், ஆடினான், முற்றத்து நடுவில் தடால் என்று விழுந்தான். கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, செத்துப் போனான்.

நான் மாரில் அடித்துக்கொண்டேன். "ஐயோ என் ராசா! போயிட்டியே! தாடி முளைக்கிறதுக்கு முன்னால போயிட்டியே! இந்தக் குளிர்ல என்னை யாரு அணைப்பா? சனோபரம்மா, ஒரு பிடி மாவு குடு தாயே, என் புருஷனை எழுப்பிக் குடு!"

சிரிப்பு வந்தது, கொஞ்சமாக. சனோபர் சிரிக்கவில்லை. நகரவும் இல்லை. தட்டில் மாவும் பருப்பும் எடுத்துத் தயாராகத்தான் வைத்திருந்தாள், பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. பனியில் கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

"குடு புள்ள" என்று யாரோ சொன்னார்கள்.

"ஐயோ என் ராசா..." நான் மறுபடியும் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கே அது நன்றாக இல்லை. நிறுத்திவிட்டேன்.

முராத் உதடு அசையாமல் முனகினான். "அண்ணே, முதுகு விறைக்குது. சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க."

சனோபர் திரும்பினாள். தட்டைத் தாண்டி நடந்தாள். வைக்கோல் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். உள்ளே வைக்கோலை வாரி வாரிப் போடுகிற சத்தம் கேட்டது. தூபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவள் தோளில் ஒரு குப்பாயம் இருந்தது. வைக்கோல் ஒட்டிப் பூசணம் பிடித்த கம்பளிக் குப்பாயம். கழுத்தோரம் சிவப்பு நூல் தையல். அந்தத் தையல் எய்வஸின் அம்மா போட்டது, ஊருக்கே தெரியும். சனோபர் அதைக் கொண்டுவந்து முராத் மேல் தலையோடு போர்த்தினாள். கால்பக்கம் குனிந்து இழுத்து ஒழுங்குபடுத்தினாள், பிணத்துக்குச் செய்கிற மாதிரி.

"இதுதான் நான் குடுக்கிறது" என்றாள்.

யதுல்லா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். குனிந்து அந்தச் சிவப்பு நூலைத் தொட்டான்.

"மதினி. அண்ணன் இதைப் போட்டுக்கிட்டுப் போனாருன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"சொன்னீங்களே மதினி!"

"பொய் சொன்னேன். போகாதேன்னு அழுதேன், கேக்கல. குப்பாயம் இல்லாம எப்படிப் போவாருன்னு ராத்திரியோட ராத்திரியா வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். காலையில தேடினாரு. எங்கடி வெச்சேன்னாரு. தெரியாதுன்னேன். கோவத்துல அந்தப் பழைய கோட்டை மாட்டிக்கிட்டு, 'பட்டணத்துல இதைப் போட்டா சிரிப்பாங்க, நீயே வெச்சுக்கோ'ன்னுட்டு இறங்கிப் போயிட்டாரு. சந்து முனையில திரும்பிப் பார்ப்பாரு, அப்ப எடுத்துக்கிட்டு ஓடலாம்னு வாசல்ல நின்னேன். அவரு திரும்பிப் பார்க்கல. நானும் ஓடல."

"நாங்க அந்தப் பக்கத்துலல்ல தேடினோம்!" யதுல்லா கத்தினான். "குப்பாயம் போட்டவன் கணவாயைத் தாண்டியிருப்பான்னு அந்தப் பக்கத்துப் பள்ளம் பூரா தேடினோம். ஆபாதானுக்குப் போனேன். இது இல்லாம போனாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பக்கத்து ஓடையில தேடியிருப்பேனே! ஓநாய் தின்னுறதுக்கு முன்னால எடுத்து மண்ணு போட்டிருப்பேனே! ஒரு வருஷம் மதினி, ஒரு வருஷம் என்னை மூஞ்சி மூஞ்சியாப் பார்க்க வெச்சீங்களே!"

கையை ஓங்கினான் என்றுதான் நினைத்தேன். பாவாடையோடு நடுவில் பாய்ந்தேன். அவன் ஓங்கின கையால் தன் குல்லாயைப் பிடுங்கித் தரையில் அடித்தான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"எரிச்சுரலாம்னு பார்த்தேன்" என்றாள் சனோபர், அவனிடம் இல்லை, குப்பாயத்திடம். "எரிச்சா, அவரு வந்து எங்கடின்னு கேப்பாரேன்னு விட்டுட்டேன். புது வைக்கோலை மேல கொட்டினேன். ஒவ்வொரு நாளும் வைக்கோல் குறையுது. ஒவ்வொரு நாளும் எனக்கு உயிர் போகுது."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. குப்பாயத்தின்மேல் விழுந்தாள். இத்தனை வருஷமாக நானும் ஒப்பாரி வைத்திருக்கிறேன், மாரில் அடித்திருக்கிறேன், ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதெல்லாம் என்ன! நான் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவள் சொன்னாள், "என் ராசா, போயிட்டியே" என்று. கேட்கமுடியவில்லை. தூபா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பெண்ணாக வந்து உட்கார்ந்தார்கள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு நானும் அழுதேன். அன்றைக்கு அந்த வேஷம் எனக்கு உதவியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் குப்பாயத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"சஃபரண்ணே. நான் எந்திரிக்கலாமா, கூடாதா?"

எனக்குத் தெரியவில்லை. கொடுத்தாயிற்று, கூசே எழுந்திருக்க வேண்டும். ஆனால் பிணத்தின்மேல் போர்த்தினதைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் எப்படி எழுந்திருப்பான்? ஊரில் யாருக்கும் இப்படி ஒன்று நடந்து பழக்கமில்லை. எல்லாரும் யதுல்லாவைப் பார்த்தார்கள். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.

சனோபர்தான் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"எந்திரி முராத்" என்றாள். "ஆட்டு வயித்துல குட்டி அசையுது. நீ படுத்துக் கிடந்தா ஆகாது."

முராத் எழுந்தான். மாவு கண்ணீரில் கரைந்து மூஞ்சி திட்டுத் திட்டாக இருந்தது. கொம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த பையையும் நெய்ச் சட்டியையும் பாகுக் குடுவையையும் கழற்றி யதுல்லாவின் முன்னால் வைத்தான்.

"மேய்ப்பருங்க விருந்துக்குன்னு வாங்கினது அண்ணே. மாவு இருக்கு, நெய் இருக்கு, இனிப்பும் இருக்கு. இன்னைக்கு அண்ணனுக்கு அல்வா கிண்டிருங்க."

யதுல்லா ரொம்ப நேரம் அந்தப் பையைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, கல் மூன்று எடுத்து முற்றத்திலேயே அடுப்புக் கூட்டினான். மதினி பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பனி உருகுகிறவரை அவளோடு பேசவில்லை. ஆனால் ஆட்டைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவள் ஆடு அவள் கொட்டிலிலேயே ஈன்றது.

மாவு வறுக்கிற வாசனை முற்றம் பூரா எழுந்தது. கரண்டி என் கையில். பாவாடையை அவிழ்க்க நேரமில்லாமல் மணப்பெண் கோலத்திலேயே கிண்டிக்கொண்டிருந்தேன். சனோபர் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, சுவரில் சாய்ந்து. தூபா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முராத் குளிருக்கு அந்தக் குப்பாயத்தையே போட்டுக்கொண்டு வந்து நின்றான். வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டான். கை நுனி தெரியவில்லை, தோள் இரண்டு பக்கமும் தொங்கியது.

"எனக்குப் பெருசா இருக்கேக்கா" என்றான் தயங்கிக்கொண்டு.

சனோபர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெருசாத்தான் இருக்கும்" என்றாள். "அவருக்குத் தோள் அகலமா இருந்துச்சு."